பாத் நகருக்குப் போகும் வழியில்

சவிரிமுத்துவுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்டவள் மயூரா ஒருத்திதான். அவருக்கே அது தெரியாது. பின்னால் இருந்த நாற்பத்தெட்டுப் பயணிகளுக்கும் தெரியாது.

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு விக்டோரியாவில் புறப்பட்டு, வின்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச், பாத் என்று மூன்று இடங்களைக் காட்டி, இருட்டுவதற்குள் திரும்பவும் லண்டனில் கொண்டுவந்து இறக்கிவிடும் ஒருநாள் சுற்றுலா. மயூரா அதில் வழிகாட்டி, சவிரிமுத்து சாரதி. நான்கு வருடங்களாக வியாழன் தொடங்கி ஞாயிறு வரை இருவரும் ஒரே கோச்சில் போய்வந்தார்கள்.

மயூராவுக்கு நாற்பத்தொரு வயது. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெம்பிளியில் வளர்ந்து, சரித்திரம் படித்து, அந்தப் படிப்புக்கு வேறு வேலை கிடைக்காமல் வழிகாட்டியானவள். சவிரிமுத்துவுக்கு ஐம்பத்தேழு. குருநகர்க்காரர். பாரிசில் பதினாறு வருடம் உணவகங்களின் குசினியில் கோப்பை கழுவிவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவர். நாற்பத்துநான்காவது வயதில்தான் பஸ் ஓட்டப் பழகினார். அதன்பிறகு வெள்ளைச் சட்டையும் நீலக் கழுத்துப்பட்டியும் இல்லாமல் அவர் வேலைக்கு வந்ததை யாரும் பார்த்ததில்லை. மயூரா சொல்லும் கதைகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். "நேற்று ஆயிரத்து எழுபது எண்டாய், இண்டைக்கு ஆயிரத்து எழுபத்திரண்டு எண்டிறாய். வில்லியம் எப்ப கோட்டையைக் கட்டத் துவங்கினவன், ஒரு முடிவுக்கு வா" என்பார். அவருடைய மனைவி மாலினி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுப்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், மயூராவின் கணவன் நிசாந்தன் வீட்டை விட்டுப் போன அதே வாரம், வின்சருக்குப் போகும் பாதையில் எட்டாம் ஹென்றியின் மனைவிமாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வசனத்தில் நிறுத்தி முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சவிரிமுத்து கையை நீட்டி ஒலிவாங்கியை நிறுத்தினார். அதில் ஏதோ பழுது என்று தன்னுடைய பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார். கோட்டை வரும்வரை பாட்டுப் போட்டுவிட்டார். என்ன ஏது என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்து முடித்துவிட்டு பாத் நகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வைலி ஆற்றோரமாகப் போகும் ஒடுங்கிய பாதை. வெயில் நன்றாக எறித்தது. மயூரா முன்கதவுப் பக்கத்திலுள்ள வழிகாட்டியின் சிறிய இருக்கையில் இருந்து, பாத்தில் ஒன்றரை மணி நேரம் தரப்படும், நாலரைக்கு எல்லோரும் கோச்சுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோச் மெல்ல இடப்பக்கம் சாய்வதுபோல இருந்தது. வீதியின் ஓரக்கோடு தாண்டப்பட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை ஒலித்தது. வேலிச் செடிகளின் கிளைகள் அவளுடைய கண்ணாடியில் சடசடவென்று அடித்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். சவிரிமுத்துவின் கண்கள் திறந்தபடி இருந்தன. கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

"அண்ணை."

அவர் திரும்பவில்லை. இமைக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார்.

மயூரா இருக்கைப் பட்டியைக் கழற்றி எழுந்து, குறுக்கே சாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பலமெல்லாம் சேர்த்து வலப்பக்கம் இழுத்தாள். சக்கரம் புல்லிலிருந்து தெருவுக்கு ஏறியபோது கோச் ஒருமுறை குலுங்கியது. எதிரே வந்த லொறிக்காரன் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். அவள் இன்னும் பிடித்துக்கொண்டேயிருந்தாள். எட்டு வினாடி இருக்கும் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் அவள் எண்ணவில்லை. சவிரிமுத்து வாயை மூடினார். அவள் கையைக் கண்டு திடுக்கிட்டார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? இரு, விழப்போறாய்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பள்ளம் ஒன்றில் ஏறி இறங்கியதாக நினைத்திருப்பார்கள். மயூரா இருக்கையில் உட்கார்ந்தாள். ஒலிவாங்கி அணைக்கப்படாமல் மடியில் கிடந்தது. நாலரை மணிக்கு வரவேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லி அதை அணைத்தாள்.

பாத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, கோச் தரிப்பிடத்தில் நிறுத்தியபிறகு அவள் கேட்டாள்.

"அண்ணை, வழியிலை உங்களுக்கு என்ன நடந்தது?"

"என்ன நடந்தது?"

அவள் கண்டதைச் சொன்னாள். சவிரிமுத்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் சொல்லி முடிக்கும்போது அது போய்விட்டிருந்தது.

"ராத்திரி நித்திரை இல்லை," என்றார். "கொஞ்சம் கண் அசந்திருக்கும்."

"கண் திறந்திருந்தது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே பிள்ளை. நீ நாலரை மணி எண்டு சொன்னது கேட்டது. பிறகு உன்ரை கை ஸ்டியரிங்கிலை கிடந்தது."

"அதுதான் அண்ணை. நடுவிலை நீங்கள் இல்லை."

அவர் பெட்டியை மூடினார். இந்த மாதிரி ஒன்று வந்தால் ஓட்டுநர் அனுமதியைப் பறித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு சாரதிக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைத்தியர் முன்னால் கையெழுத்துப் போடும் படிவத்தில் நினைவு தப்பியதுண்டா என்பது முதல் கேள்விகளில் ஒன்று.

"கம்பெனிக்குப் போன் அடிச்சுச் சொல்லுவம்," என்றாள் மயூரா. "வேறை ஆளை அனுப்பட்டும்."

"லண்டனிலையிருந்து ஆள் வர மூண்டு மணித்தியாலம். சனத்துக்கு என்ன சொல்லுவாய்? பின்னாலை அந்தப் பிரேசில்காரக் குடும்பத்துக்கு இண்டைக்கு பிளைட் எண்டவை." அவர் அவளைப் பார்த்தார். "இண்டைக்கு மட்டும் கொண்டுபோய் விட்டிடுறன். திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறன். அவர் கோச் ஓடலாம் எண்டு சொல்லுமட்டும் நான் இதிலை ஏறமாட்டன். நாளைக்கும் லீவு சொல்லுறன். என்னை நம்பு."

மயூரா ஓம் என்றாள். அதற்கான காரணத்தை அவள் பிறகு பலமுறை தனக்குள் தேடினாள். களைப்பு என்றும், அவர் கேட்டதால் என்றும், பயணிகளுக்காக என்றும் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் போதவில்லை. நாற்பத்தெட்டுப் பேரை எண்ணி ஏற்றி, அவர்களைச் சவிரிமுத்துவின் கையில் கொடுத்து, இரண்டரை மணி நேரம் மோட்டார்வேயில் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு லண்டன் வரை வந்தாள். வழியில் ஒரு கதையும் சொல்லவில்லை. விக்டோரியாவில் இறங்கும்போது ஒரு கிழவர் அவளுக்கு நன்றி சொல்லி, அருமையான நாள் என்றார்.

திங்கட்கிழமை மாலை அவள் அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"போனனான்," என்றார் சவிரிமுத்து. "தலையிடி எண்டு சொன்னனான். இரத்த அழுத்தம் பாத்தவர். குளிசை தந்தவர்."

"நினைவு போனதைச் சொன்னீங்களோ?"

"அது நினைவு போனதில்லை மயூரா, களைப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்திருந்தனான். இப்ப நல்லாயிருக்கிறன்."

புதன்கிழமை அவள் ஹவுன்ஸ்லோவுக்கே போனாள். சவிரிமுத்து கடைக்குப் போயிருந்தார். மாலினி விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். வேலைச் சீருடையோடு குசினியில் நின்று தேநீர் போட்டாள். மயூரா நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். வாய் மென்றது என்றதும் மாலினி கேத்தலை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஈஸ்டருக்குப் பிறகு மூண்டு தரம்," என்றாள். "ஒருக்கா சாப்பிடேக்கை. கோப்பையைக் கையிலை வைச்சுக்கொண்டு மென்டுகொண்டே இருந்தார். கூப்பிட்டனான், கேக்கேல்லை. நான் முதலிலை பகிடி விடுறார் எண்டு நினைச்சன்."

"அவருக்குச் சொல்லேல்லையோ அக்கா?"

"சொன்னனான். சிரிச்சார். பிறகு கோபப்பட்டார். பிறகு நான் சொல்லுறதில்லை." அவள் திரும்பினாள். "நீயும் சொல்லாதை பிள்ளை. பாரிசிலை இந்த மனிசன் எப்பிடி இருந்தவர் எண்டு உனக்குத் தெரியாது. வேலையாலை வந்தா ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார். அந்தச் சட்டையைப் போட்ட பிறகுதான் ஆள் ஆளா நடந்தவர். அதைப் பறிச்சா வீட்டுக்குள்ளை இருந்தே செத்துப்போவார்."

"ரோட்டிலை செத்தா அக்கா? ஐம்பது பேரோடை?"

மாலினி தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். மயூரா புறப்பட்டபோது வாசலில் வைத்து, "நாளைக்குப் போகவேண்டாம் எண்டு நான் சொல்லிப் பாக்கிறன்," என்றாள்.

வியாழக்கிழமை காலை மயூரா விக்டோரியாவுக்குப் போனபோது வெள்ளைச் சட்டையும் நீலக் கழுத்துப்பட்டியுமாக அவர் கோச்சின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயணிகள் வரிசையாக வரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு தாய் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளுக்கு மழையங்கி போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"இரவு நல்லா நித்திரை கொண்டனான். எட்டு மணித்தியாலம். மாலினியைக் கேட்டுப் பார்." அவர் துணியை மடித்தார். "ஒக்டோபர் வரைக்கும் விடு மயூரா. சீசன் முடியட்டும். பிறகு நானே போய்ச் சொல்லுறன்."

அவர் கெஞ்சியதை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. கோச்சின் பின்பக்கம் போய் நின்று, கம்பெனியின் பொறுப்பாளர் ஹெலனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கண்டது எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை பாத்திலிருந்து அவரையே ஓட்டவிட்டதையும் சேர்த்துத்தான் சொன்னாள். யாரையும் ஏற்றவேண்டாம் என்றாள் ஹெலன்.

மயூரா முன்பக்கம் வரும்போது சவிரிமுத்துவின் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுத்துக் கேட்டார். இரண்டு தடவை யெஸ் என்றார். ஒரு தடவை நோ என்றார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோச்சுக்குள் ஏறினார். ஓடும் நேரத்தைப் பதியும் இயந்திரத்திலிருந்து தன்னுடைய ஓட்டுநர் அட்டையை எடுத்தார். முதுகுக்கு வைக்கும் தலையணையை எடுத்தார். படியிறங்கி வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"திறப்பை உன்னட்டைக் குடுக்கட்டாம்."

அவள் கையை நீட்டினாள். அவர் கோச்சின் சாவியைக் கொடுத்தார். இரண்டடி போய்விட்டு நின்று, பைக்குள்ளிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து வழிகாட்டியின் இருக்கையில் வைத்தார்.

"மாலினி உனக்கும் போட்டவள்," என்றார்.

அவர் பாதாள ரயிலுக்குப் போகும் பக்கமாக நடப்பதை அவள் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டு மணி ஆகிவிட்டதே என்று கேட்கத் தொடங்கினார்கள். வேறு சாரதி வர ஒன்பதரையாகியது. வின்சரை விட்டுவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு அவள் பாதை முழுவதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பெட்டியை அவள் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அவளுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சாரதி நினைவிழந்தது தெரிந்தும் நாற்பத்தெட்டுப் பயணிகளை அவரோடு அனுப்பியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். நடந்ததை எழுதி அனுப்பினாள். சீசன் முடியும்வரை வேலை செய்யவிட்டார்கள். அடுத்த வருடத்துக்கு அழைக்கமாட்டோம் என்று ஹெலன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். தான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று தெரியாது என்றும் சொன்னாள்.

சவிரிமுத்துவிடமிருந்து இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. மயூரா அழைத்தால் அவர் எடுப்பதில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் அவரே அழைத்தார். குரல் பழையபடி இருந்தது.

"ஸ்கான் சுத்தம் பிள்ளை. தலையிலை வயர் பூட்டிப் பாத்தவை, அதுவும் சுத்தம். ஒண்டும் இல்லையாம்."

"நல்லது அண்ணை," என்றாள். உண்மையிலேயே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சுத்தமா இருந்தாலும் போதாதாம். கண்ட ஆக்களோடை கதைச்சுத்தான் முடிவு சொல்லுவாராம் பெரிய டொக்டர். மாலினி தான் ஒரு நாளும் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டாள். இனி நீ மட்டும்தான்." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "கண் மூடியிருந்தது எண்டு சொல்லு மயூரா. நித்திரை தூங்கினதெண்டா வேறை கதை. அதுக்குத் திரும்ப ஓட விடுவினம். வேறை ஒண்டும் சொல்லவேண்டாம். கண் மூடியிருந்தது. அவ்வளவுதான்."

"அண்ணை…"

"இப்ப ஒண்டும் சொல்லாதை. யோசி."

அவள் மூன்று நாள் யோசித்தாள். அதற்குள் ஆர்ச்வேக்குப் போய் முருகன் கோயிலில் ஒரு மணி நேரம் இருந்தும் பார்த்தாள். கும்பிட ஒன்றும் வாயில் வரவில்லை. எதைக் கேட்பது என்று தெரியாமல் திருநீறு பூசிக்கொண்டு திரும்பினாள்.

நான்காம் நாள் வைத்தியர் அழைத்தார். மிகவும் பொறுமையான குரல். அவசரமில்லை, நினைவிலிருப்பதை மட்டும் சொன்னால் போதும் என்றார். கோச் சாய்ந்ததையும் அவள் கூப்பிட்டதையும் கேட்டுக்கொண்டார்.

"கண்கள் மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா?"

மயூரா சமையலறை மேசைக்கு முன்னால் நின்றாள். ஒரு சொல்தான். அவர் நல்லவர், கவனமானவர், ஒருவேளை அது இனி வராமலே போகலாம். மாலினி சொன்ன மூன்று தரத்தைத் தனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு மழையங்கி போட்ட அந்த இரண்டு பெண்பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

"திறந்திருந்தன," என்றாள்.

"வாய்?"

"மென்றுகொண்டிருந்தார்."

எழுதும் சத்தம் கேட்டது. அவருடைய மனைவியிடமும் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று மயூரா சொன்னாள். தொலைபேசியை வைத்தபிறகுதான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

நவம்பரில் முடிவு வந்தது. அதை அவளுக்குச் சொன்னது கம்பெனியில் இருந்த வேறொரு சாரதி. வலிப்பு நோயில் ஒரு வகையாம். கார் ஓட்ட ஒரு வருடம் தடை. கோச் ஓட்டுவதென்றால் மருந்தில்லாமல் பத்து வருடம் ஒரு தடவையும் வராமல் இருக்கவேண்டும். சவிரிமுத்துவுக்கு அப்போது அறுபத்தேழு வயதாகியிருக்கும். மருந்தை விட்டுப் பார்க்கவும் முடியாது.

குளிர்காலத்தில் மயூராவுக்கு விமான நிலையத்தில் வாசனைத் திரவியம் விற்கும் கடையொன்றில் வேலை கிடைத்தது. வின்சருக்குப் போகும் கோச்சுகள் மோட்டார்வேயில் வரிசையாகப் போவது பஸ்ஸிலிருந்து தெரியும். பெப்ரவரியில் ஒருநாள் காலை அதே பஸ்ஸில் மாலினி நின்றுகொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். முன்பு கணவர் காரில் கொண்டுவந்து விடுவார். இப்போது நான்கு மணிக்கே எழுந்து பஸ் மாறி வருகிறாள். மயூராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை.

"டொக்டர் திரும்பவும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர்," என்றாள். "அழுதுபோட்டன். அதோடை அவருக்கு எல்லாம் விளங்கிட்டுது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அதை என்னட்டைச் சொல்லி என்ன. ஒருக்கா வீட்டை வந்து பார். ஆரோடையாவது கதைச்சாரெண்டா நல்லது."

அந்த ஞாயிற்றுக்கிழமை மயூரா போனாள். மாலினி கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். சவிரிமுத்து வாசல்வரை வந்தார். சாரம் கட்டி, கம்பளிச்சட்டை போட்டிருந்தார். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீ செய்தது சரி," என்றார். "டொக்டர் சொல்லுறார், மகன் மன்செஸ்டரிலையிருந்து போன் அடிச்சுச் சொல்லுறான், பாதரும் வந்து சொல்லிப்போட்டுப் போறார். நானும் பிழை எண்டு சொல்லேல்லை."

"அண்ணை, எனக்கு வேறை வழி…"

"தெரியும் பிள்ளை. ஆனா ஒண்டை யோசிச்சுப் பார். எனக்கு எண்டு பாத்தா ஒண்டுமே நடக்கேல்லை. நோய் வருத்தம் எண்டு ஒரு நாள் உணரேல்லை, ஒரு இடமும் நோகேல்லை. நல்லா ஓடிக்கொண்டிருந்தன். நீ கண்டன் எண்டு சொன்னாய். பிறகு மாலினி கண்டன் எண்டு சொன்னாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சுது." அவர் சொல்லும்போது குரல் உயரவில்லை. "உன்னிலை கோபமில்லை. ஆனா உன்ரை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. இனி வராதை."

மயூரா தலையாட்டினாள்.

"மருந்து எடுக்கிறீங்களோ?"

"ஓம்."

"அதுக்குப் பிறகு வந்ததோ?"

சவிரிமுத்து கதவில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்," என்றார். "அவளைக் கேள்."

மாலினி அவருக்குப் பின்னால், ஒடுங்கிய நடைவழியில், துவைத்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மயூரா அவளைப் பார்த்தாள். மாலினி கண்ணை எடுத்துத் துணிகளைப் பார்த்தாள். குளிர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு சவிரிமுத்து கதவைச் சாத்தினார்.